பெயர் ஏறும் வழியும் இறங்கும் வழியும்

2014ஆம் ஆண்டு ஆடி மாதத்தில், சேலத்தில் நான் துணை மேலாளராக இருந்த வங்கிக் கிளைக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. கனடாவின் மொன்றியல் நகரிலிருந்து எங்கள் வாடிக்கையாளர் ஒருவருக்கு வந்த 22,000 ரூபாய் நிறுத்தி வைக்கப்பட்டிருப்பதாகவும், அனுப்பியவரின் பெயர் தடை செய்யப்பட்டோர் பட்டியலில் உள்ள ஒரு பெயரோடு ஒத்துப்போவதாகவும், வாடிக்கையாளரின் விவரங்களை அன்றே அனுப்ப வேண்டும் என்றும் அதில் எழுதியிருந்தது. வாடிக்கையாளர், மாவட்டத்திலுள்ள இலங்கைத் தமிழர் முகாம் ஒன்றில் 1990 முதல் வசித்துவந்த, அறுபது வயதைக் கடந்த ஓர் அம்மா. பணம் அனுப்பியவர் அவருடைய தம்பி. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும் அந்தப் பணத்தில்தான் அவர் முழங்கால் வலிக்கு மருந்து வாங்கினார். பேத்தியின் கல்லூரிக் கட்டணத்தையும் கட்டினார்.

அவரை வரவழைத்து, எந்தக் கடுமையான சொல்லும் வாயில் வந்துவிடாதபடி, "பெயரில் ஒரு சின்னக் குழப்பம் அம்மா, சரியாகிவிடும்" என்றேன். கால் நூற்றாண்டு முகாமில் வாழ்ந்தவருக்கு, அதிகாரிகள் குரலைத் தாழ்த்திப் பேசினால் அதற்கு என்ன பொருள் என்பது என்னைவிட நன்றாகத் தெரியும். "ஐயா, என்ர தம்பி பத்தொன்பது வயசில வெளிக்கிட்டவன். அங்க கோப்பை கழுவித்தான் பிள்ளையளைப் படிப்பிச்சவன். அவன்ர பேர் எப்பிடி அந்தப் பட்டியலில வரும்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அந்தப் பட்டியலை நானும் பார்த்ததில்லை. அது ஒரு தனியார் நிறுவனம் தொகுத்து வங்கிகளுக்கு விற்கும் தரவுத்தளம். ஐக்கிய நாடுகள் அவையின் பட்டியல், அமெரிக்காவின் பட்டியல், ஐரோப்பிய ஒன்றியத்தின் பட்டியல், நம் உள்துறை அமைச்சகத்தின் பட்டியல் என எல்லாவற்றையும் ஒரே சாக்கில் கொட்டிக் குலுக்கி வைத்திருப்பார்கள்.

பின்னர் விசாரித்ததில், ஒத்துப்போனது தகப்பனார் பெயர் என்று தெரிந்தது. நமக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. தகப்பனார் பெயரின் முதலெழுத்தோடு நாம் காலத்தை ஓட்டிவிடுகிறோம். கனடாவில் குடியேறும் யாழ்ப்பாணத்தவருக்கு அந்தத் தகப்பனார் பெயர் முழுதாக விரிந்து குடும்பப் பெயராகிவிடுகிறது. அந்த ஊர்ப் பக்கத்தில் ஒரே தகப்பனார் பெயரை ஆயிரம் பேர் சுமப்பார்கள். அதை ஆங்கிலத்தில் எழுதும்போது லகரமும் ளகரமும் ழகரமும் கலந்து, குறிலும் நெடிலும் கலந்து, ஒரே பெயர் நான்கு விதமாகும். நான்கு வெவ்வேறு பெயர்கள் ஒன்றாகும். கணினியோ, ஒலியில் நெருங்கி வருவதையெல்லாம் பிடித்து நிறுத்தும்படி அமைக்கப்பட்டது. அஸ்தம்பட்டி ரவுண்டானாவில் நின்று "கந்தசாமி" என்று கூப்பிட்டால் எத்தனை பேர் திரும்பிப் பார்ப்பார்களோ, அத்தனை பேரையும் அது ஓரமாக நிற்கச் சொல்லும்.

மூன்று கடிதங்கள் எழுதினேன். தம்பியின் கடவுச்சீட்டு நகல், பிறந்த தேதி, முகாம் அடையாள அட்டை எல்லாவற்றையும் இணைத்தேன். ஒன்பது வாரம் கழித்துப் பணம் விடுவிக்கப்பட்டது. ஏன் நிறுத்தினோம், ஏன் விடுவித்தோம் என்று ஒரு வரிகூட வரவில்லை.

நான் ஓய்வு பெற்றுச் சில ஆண்டுகள் ஆகின்றன. அந்த ஒன்பது வாரத்தின் பின்னால் இருந்த சட்டம் எது, அது எங்கிருந்து வந்தது என்று தேடிப் படிப்பது ஓய்வுக்காலத்தின் ஒரு வேலையாகிப் போனது. நான் வழக்கறிஞன் அல்ல. ஆனாலும் முப்பது ஆண்டுகள் சுற்றறிக்கை படித்தவனுக்குச் சட்டப் பிரிவுகள் அவ்வளவு அந்நியமானவை அல்ல.

வங்கியை இயக்கியது, சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத்தின் 51ஏ பிரிவு. 2008 நவம்பரில் மும்பையில் நடந்த தாக்குதலுக்குப் பிறகு, அந்த ஆண்டு டிசம்பரில் நாடாளுமன்றம் அவசரமாகக் கொண்டுவந்த திருத்தத்தில் அது சேர்க்கப்பட்டது. அதன்கீழ் 2009 ஆகஸ்டில் உள்துறை அமைச்சகம் பிறப்பித்த ஆணைப்படி, பட்டியலில் உள்ள பெயரோடு ஒத்துப்போகும் கணக்கு எதையேனும் வங்கி கண்டால், 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டியிருந்தது. இதற்கெல்லாம் மேலே ஐ.நா. பாதுகாப்பு அவையின் இரண்டு தீர்மானங்கள் நிற்கின்றன. 1999 அக்டோபரில் வந்த 1267ஆம் தீர்மானம், பெயர் குறிப்பிட்டு முடக்கும் முறையைத் தொடங்கிவைத்தது. 2001 செப்டம்பர் 28 அன்று, நியூயார்க் கோபுரங்கள் விழுந்து மூன்று வாரம்கூட ஆகாத நிலையில் வந்த 1373ஆம் தீர்மானம், பயங்கரவாதத்துக்குப் பணம் போவதை ஒவ்வொரு நாடும் தன் சட்டத்தின் வழியே தடுக்க வேண்டும் என்று கட்டாயமாக்கியது. பயங்கரவாதம் என்றால் என்ன என்று அந்தத் தீர்மானம் வரையறுக்கவில்லை. அதை ஒவ்வொரு நாடும் தன் வசதிப்படி நிரப்பிக்கொண்டது.

பெயரைப் பட்டியலில் ஏற்றும் வழி இப்படி அகலமாகவும் வேகமாகவும் இருக்கும்போது, பெயரை இறக்கும் வழி எப்படி இருக்கிறது என்பதுதான் என் கேள்வி. இந்தக் கேள்விக்கான பழைய பதில் ஒன்று நம் மாநிலத்திலேயே பிறந்தது என்பதைப் படித்தபோது கொஞ்சம் வியப்பாக இருந்தது.

ஏற்காட்டுக்குப் போகும் பேருந்து, அடிவாரத்தைத் தொடுவதற்கு முன்பு அஸ்தம்பட்டியில் சேலம் மத்திய சிறையைக் கடந்துதான் செல்லும். 1950 பிப்ரவரி 11 அன்று அந்தச் சிறைக்குள் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 22 கம்யூனிஸ்ட் கைதிகள் இறந்தார்கள். குடியரசு பிறந்து பதினாறு நாட்களே ஆகியிருந்தன. கம்யூனிஸ்ட் கட்சி அப்போது சென்னை மாகாணத்தில் தடை செய்யப்பட்டிருந்தது. கட்சியைத் தடை செய்தால் போதாதென்று, அதோடு தொடர்புள்ளவை என்று அரசு கருதிய சங்கங்களையும் தடை செய்தார்கள். அடுத்த மாதமே, மக்கள் கல்விக் கழகம் என்ற அமைப்பை அரசாணையால் சட்டவிரோதமென்று அறிவித்தார்கள். அதன் செயலாளராக இருந்த பாரிஸ்டர் வி.ஜி. ராவ் வழக்குத் தொடர்ந்தார். சென்னை உயர் நீதிமன்றத்திலும் வென்றார். 1952 மார்ச் 31 அன்று உச்ச நீதிமன்றத்திலும் வென்றார். தீர்ப்பை எழுதியவர் தலைமை நீதிபதி பதஞ்சலி சாஸ்திரி.

அந்தத் தீர்ப்பைப் படித்தால், மொன்றியல் தம்பியின் பணத்தைப் பற்றி எழுதியதுபோலவே இருக்கும். ஒரு சங்கத்தைச் சட்டவிரோதமென்று சொல்வதற்கு அரசின் மனத்திருப்தி மட்டும் போதாது. ஓர் ஆலோசனைக் குழுவை ஒப்புக்கு வைத்து, அது ஆவணங்களைப் பார்த்துவிட்டது என்று சொல்வதும் நீதிமன்ற விசாரணைக்கு ஈடாகாது என்றார் சாஸ்திரி. இன்னொன்றையும் குறிப்பிட்டார்: தடை அறிவிப்பு அரசிதழில் வந்ததே தவிர, பாதிக்கப்படுபவருக்கு அது போய்ச் சேர உரிய ஏற்பாடு இல்லை, தான் குற்றவாளியாகிவிட்டதை அறியாமலேயே ஒருவர் குற்றவாளியாக இருக்க நேரும்.

1967இல் சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத்தை எழுதியவர்கள் இந்தத் தீர்ப்பை மனத்தில் வைத்துத்தான் எழுதினார்கள் என்பது அதன் மூன்றாம், நான்காம் பிரிவுகளில் தெரிகிறது. மத்திய அரசு ஒரு சங்கத்தைச் சட்டவிரோதமென்று அறிவித்தால், காரணத்தைச் சொல்ல வேண்டும். முப்பது நாளுக்குள் உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவரைக் கொண்ட தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும். தீர்ப்பாயம் சங்கத்துக்கு அறிவிப்பு அனுப்பி, விசாரித்து, ஆறு மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். அறிவிப்பை எப்படிச் சேர்ப்பிப்பது என்பதற்கும் வழி சொல்லியிருக்கிறார்கள்: சங்க அலுவலகத்தின் சுவரில் ஒட்டலாம், நிர்வாகிகளிடம் நேரில் கொடுக்கலாம், ஒலிபெருக்கியிலோ தண்டோரா போட்டோ அந்தப் பகுதியில் சொல்லலாம். நாட்டின் பாதுகாப்பைப் பற்றிய ஒரு மத்தியச் சட்டத்தில் தண்டோராவுக்கு இடம் இருப்பதைப் பார்த்து நான் முதலில் சிரித்தேன். பிறகு யோசித்தபோது, ஊரறியச் சொல்லிவிட்டுத்தான் தண்டிக்க வேண்டும் என்ற எண்ணம் அந்தப் பறையொலிக்குள் இருப்பது புரிந்தது.

(இடையில் ஒன்றைச் சொல்லாமல் போக மனமில்லை. இந்தச் சட்டத்துக்கு அடித்தளம் போட்டது 1963இல் வந்த பதினாறாவது அரசியல் சட்டத் திருத்தம். நாட்டின் இறையாண்மை, ஒருமைப்பாடு என்ற காரணங்களுக்காகப் பேச்சுரிமையையும் சங்க உரிமையையும் கட்டுப்படுத்தலாம் என்றது அது. அதற்கு முக்கியத் தூண்டுதல் திராவிட நாடு கோரிக்கை என்பது எல்லாரும் அறிந்ததுதான். அண்ணா மாநிலங்களவையில் அதை எதிர்த்துப் பேசினார், தி.மு.க. அந்தக் கோரிக்கையையும் கைவிட்டது. அந்த இயக்கத்தின் தாய்க் கழகம் பெயர் மாறிப் பிறந்தது 1944 ஆகஸ்ட் 27 அன்று, இதே சேலத்தில் நடந்த மாநாட்டில்தான். சட்டம் நிறைவேறிய 1967 டிசம்பரில் அண்ணா முதலமைச்சராக இருந்தார். வரலாறு சில சமயம் குறும்பு செய்யும்.)

ஆக 1967இன் சட்டத்தில், ஏறும் வழியிலேயே ஒரு நீதிபதி உட்கார்ந்திருந்தார். 2004இல் அது மாறியது. பொடா எனப்பட்ட பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தை ரத்து செய்த அதே மூச்சில், அதிலிருந்த பயங்கரவாத அமைப்புகளின் பட்டியலைத் தூக்கி இந்தச் சட்டத்தின் அட்டவணையில் வைத்தார்கள். அந்த அட்டவணையில் ஓர் அமைப்பைச் சேர்க்க, அது பயங்கரவாதத்தில் ஈடுபட்டிருப்பதாக மத்திய அரசு நம்பினால் போதும். தீர்ப்பாயம் இல்லை, காலக்கெடு இல்லை, தண்டோராவும் இல்லை; அரசிதழ் மட்டும் உண்டு. நீக்கக் கோரி விண்ணப்பிக்கலாம். ஆனால் விண்ணப்பத்தைப் பரிசீலிப்பது சேர்த்த அதே அரசு. அது மறுத்தால் ஒரு மறு ஆய்வுக் குழுவிடம் போகலாம். அதன் தலைவர் நீதிபதியாக இருப்பவரோ, இருந்தவரோ. சாஸ்திரி ஒப்புக்கு வைத்தது என்று தள்ளிய ஆலோசனைக் குழு, ஐம்பத்திரண்டு ஆண்டு கழித்து வேறு சட்டையைப் போட்டுக்கொண்டு திரும்பி வந்ததாகவே எனக்குத் தோன்றுகிறது. சட்டம் தெரிந்தவர்கள் இதை மறுக்கலாம். 2019இல் வந்த திருத்தம், அமைப்போடு நில்லாமல் தனி மனிதர்களையும் இதே முறையில் பயங்கரவாதி என்று அறிவிக்க வழி செய்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் முதன்முதலாக ஏறிய நான்கு பெயர்கள் மசூத் அசார், ஹஃபீஸ் சயீத், லக்வி, தாவூத் இப்ராஹிம். அந்த நால்வருக்காகக் கண்ணீர் விட யாருமில்லை. ஆனால் ஒரு வாசலை யாருக்காகத் திறக்கிறோம் என்பதோடு விஷயம் முடிவதில்லை. திறந்த வாசல் திறந்தபடியே இருக்கும்.

இப்படி எழுதுவதால், வெளிநாட்டு ஆயுதக் குழுக்களால் ஆபத்தே இல்லை என்று நான் நினைப்பதாகக் கொள்ள வேண்டாம். தமிழ்நாட்டில் என் வயதுக்காரன் எவனும் அப்படி நினைக்க முடியாது. 1984 ஆகஸ்ட் 2 அன்று மீனம்பாக்கம் விமான நிலையத்தில், கொழும்புக்கு அனுப்ப நினைத்து வைத்த வெடிகுண்டு இங்கேயே வெடித்து முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். 1990 ஜூனில் சென்னை கோடம்பாக்கத்தில் மற்றோர் ஈழ இயக்கமான ஈ.பி.ஆர்.எல்.எஃப்.பின் தலைவர் பத்மநாபாவையும் அவருடன் இருந்தவர்களையும் புலிகள் சுட்டுக் கொன்றனர். அடுத்த ஆண்டு மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூர். ஒரு சண்டையில் தோற்றவனும் வென்றவனும் நம் தெருவுக்கு வந்து கணக்குத் தீர்த்துக்கொண்ட காலம் அது.

ஏற்காட்டில் லேடீஸ் சீட் பாறையருகே நின்றால், வானம் தெளிந்த மாலையில் மேட்டூர் நீர்த்தேக்கம் ஒரு தகடுபோலத் தெரியும். அதன் கரையோரம் இருக்கும் கொளத்தூர்ப் பகுதியில் 1980களில் புலிகளின் பயிற்சி முகாம் நடந்தது. புலியூர் என்ற பெயர் அங்கே இன்றும் வழங்குகிறது. அது ஒளிந்து நடந்ததும் அல்ல. 1983 கலவரத்துக்குப் பிறகு ஈழ இயக்கங்களுக்குப் பயிற்சி கொடுத்ததே இந்திய அரசுதான். சோறு கொண்டுபோய்க் கொடுத்த ஊர்க்காரர்கள் தேசத்தின் கொள்கைப்படி நடந்தவர்கள். 1992 மே 14 அன்று அதே இயக்கம் சட்டவிரோத அமைப்பானது. சோறு போட்ட கைகள் மாறவில்லை, பட்டியல் மாறியது. இதில் அரசு தவறு செய்தது என்று நான் சொல்ல வரவில்லை. இடையில் ஒரு முன்னாள் பிரதமரைக் கொன்றிருக்கிறார்கள். ஒரு பட்டியல் என்பது ஓர் அரசின் அந்தக் காலத்து நிலைப்பாடும்தான் என்பதை நினைவில் வைத்தாக வேண்டும் என்கிறேன். நினைவில் வைத்தால், அதைக் காலந்தோறும் எடுத்துப் பார்க்க வேண்டும் என்பதும் தானே வரும்.

காலந்தோறும் எடுத்துப் பார்ப்பது என்ன ஆயிற்று என்று தேடிய இடத்தில் ஒரு வேடிக்கை கிடைத்தது. நம் சட்டத்தில் தீர்ப்பாயத்தின் வழியே வரும் தடைக்கு ஆயுள் முதலில் இரண்டு ஆண்டு. அதனால்தான் புலிகள் மீதான தடை 1992 முதல் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட்டது. 2013இல் நடைமுறைக்கு வந்த திருத்தம் அதை ஐந்து ஆண்டாக்கியது. அமெரிக்காவில் 1996ஆம் ஆண்டுச் சட்டம் வெளிநாட்டுப் பயங்கரவாத அமைப்புகளின் பட்டியலைத் தொடங்கியபோது, அங்கும் ஒரு பெயரின் ஆயுள் இரண்டு ஆண்டுதான். 2004இல் அதை எடுத்துவிட்டு, ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மறு ஆய்வு என்றார்கள். கனடாவிலும் இரண்டு ஆண்டு மறு ஆய்வு 2019இல் ஐந்தாண்டானது. மூன்று நாடுகளும் பேசி வைத்துக்கொண்டு செய்திருக்க வாய்ப்பில்லை. புதுப்பிப்பது அலுப்பான வேலை; எனக்கே தெரியும், செயல்படாத கணக்குகளை ஆண்டுதோறும் பார்க்கச் சொன்னால் நாங்களும் இப்படித்தான் முனகுவோம். இலங்கை இன்னும் ஒரு படி மேலே போனது. 1979இல் மூன்று ஆண்டுக்கு மட்டும் என்று "தற்காலிக ஏற்பாடுகள்" என்ற பெயரிலேயே கொண்டுவந்த பயங்கரவாதத் தடைச் சட்டத்தை 1982இல் நிரந்தரமாக்கினார்கள். பெயரை மட்டும் மாற்றவில்லை. கலியாணத்துக்குப் போட்ட கீற்றுப் பந்தல் கல் மண்டபமாகிவிட்டது.

பட்டியலில் இருக்கும் அமைப்புக்கு உதவுவது குற்றம் என்பதில் தகராறில்லை. உதவி என்றால் எது வரை? வைகோ 2002 ஜூன் மாதம் திருமங்கலத்தில் பேசிய பேச்சுக்காக, அமெரிக்காவிலிருந்து திரும்பிய கையோடு பொடாவில் கைதாகி, பத்தொன்பது மாதம் வேலூர்ச் சிறையில் இருந்தார். பொடாவை நாடாளுமன்றத்தில் ஆதரித்த கூட்டணியில் இருந்தவர் அவர். அந்தக் கசப்பான வேடிக்கையை அப்போதே எல்லாரும் பேசினார்கள். அந்தச் சட்டத்தை எதிர்த்த வழக்கில் 2003 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், சட்டம் செல்லும் என்று சொன்னாலும், பயங்கரவாதச் செயலை வளர்க்கும் நோக்கமில்லாமல் வெறும் தார்மீக ஆதரவைத் தெரிவிப்பது குற்றமாகாது என்று தெளிவாக்கியது. இப்போதைய சட்டத்தின் 38, 39ஆம் பிரிவுகளில் அந்த "நோக்கம்" என்ற சொல் இருக்கிறது. நல்ல காரியம். ஆனால் தீர்ப்பாயத்தின் வழியே தடையான சங்கத்தைப் பற்றிய 10ஆம் பிரிவில் அது இல்லை. உறுப்பினராக இருப்பதே குற்றம். வன்முறையில் இறங்காத வெறும் உறுப்பினரைத் தண்டிக்க முடியாது என்று 2011இல் அரூப் புயான் வழக்கில் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023 மார்ச் 24 அன்று அதைத் திருப்பிக்கொண்டது.

அமெரிக்கா இதில் இன்னும் கடுமை. 1997 அக்டோபரில் அவர்கள் வெளியிட்ட முதல் பட்டியலின் முப்பது அமைப்புகளில் புலிகளும் இருந்தார்கள். குர்து, தமிழ் அமைப்புகளுக்குச் சர்வதேசச் சட்டத்தைக் கற்றுக்கொடுக்கவும், ஐ.நா.வில் மனுச் செய்யும் முறையைச் சொல்லித்தரவும் விரும்பிய சிலர், இது குற்றமாகுமா என்று கேட்டு வழக்குப் போட்டார்கள். துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு மனு எழுதக் கற்றுக்கொடுப்பது குற்றமா என்பதுதான் கேள்வி. 2010 ஜூன் 21 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஆறுக்கு மூன்று என்ற கணக்கில், ஆம், அமைப்போடு சேர்ந்து செய்தால் அதுவும் உதவிதான் என்றது. முள்ளிவாய்க்கால் முடிந்து ஓராண்டு கடந்திருந்தது. மனு எழுதக் கற்றுக்கொள்ள அங்கே எவரும் மிஞ்சவில்லை.

ஐரோப்பாவில் நடந்தது வேறு கதை. 2006 மே மாதம் ஐரோப்பிய ஒன்றியம் புலிகளைப் பட்டியலில் சேர்த்தது. 2014 அக்டோபர் 16 அன்று லக்சம்பர்க்கில் உள்ள பொது நீதிமன்றம் அதை ரத்து செய்தது. புலிகள் நல்லவர்கள் என்று அந்த நீதிமன்றம் சொல்லவில்லை. பெயரைத் தொடர்ந்து வைத்திருப்பதற்குக் காட்டிய காரணங்கள் பத்திரிகைகளிலிருந்தும் இணையத்திலிருந்தும் எடுத்தவை, உரிய அதிகார அமைப்பு ஆராய்ந்து எடுத்த முடிவுகள் அல்ல என்றது. இந்தியாவின் தடையை ஒன்றியம் சான்றாகக் காட்டியபோது, இந்தியாவில் பாதிக்கப்படுபவருக்குத் தன் தரப்பைச் சொல்லப் போதிய வாய்ப்பு இருக்கிறதா என்று நீங்கள் பார்த்தீர்களா என்று கேட்டது. மேல் நீதிமன்றமும் 2017 ஜூலையில் அந்த ரத்தை உறுதி செய்தது. ஆனாலும் பெயர் இறங்கவில்லை. புதிய காரணங்களோடு புதிய ஆணைகள் வந்துகொண்டே இருந்தன.

நம் தீர்ப்பாயத்துக்கே வருவோம். 2024 மே மாதம் புலிகள் மீதான தடை மேலும் ஐந்து ஆண்டுக்கு நீட்டிக்கப்பட்டது. முறைப்படி தீர்ப்பாயம் அமைத்தார்கள். அதுவும் உறுதி செய்தது. தீர்ப்பாயத்தின் முன் அமைப்பின் சார்பில் யார் வந்து நிற்பது? நான் அதன் நிர்வாகி என்று சொல்லிக்கொண்டு ஒருவர் வந்தால், அந்தச் சொல்லே பத்தாம் பிரிவின்படி ஒப்புதல் வாக்குமூலம். அமைப்பில் இல்லாத ஒருவர் வந்தால், உமக்கு இதில் என்ன தொடர்பு என்று கேட்பார்கள். நீதிபதியின் முன் ஒரு நாற்காலி காலியாகவே இருக்க, மறுபக்கத்து வழக்கறிஞர் மட்டும் வாதாடும் விசாரணையை ராவும் சாஸ்திரியும் நினைத்திருக்க மாட்டார்கள். அரசு தன் பங்குக்கு, அமைப்பின் எச்சங்கள் மீண்டும் திரள முயல்வதாகச் சொல்கிறது. அதை வெறும் கற்பனை என்று தள்ளவும் எனக்கு மனம் வரவில்லை. 2022 மே மாதம் நம் ஓமலூர் அருகே வாகனச் சோதனையில் இரண்டு இளைஞர்கள் துப்பாக்கிகளுடன் பிடிபட்டு, வழக்கு தேசியப் புலனாய்வு முகமைக்குப் போனது இந்த ஊரில் எல்லாருக்கும் தெரியும். புலிகளைப் போல ஓர் அமைப்பைத் தொடங்க அவர்கள் எண்ணியதாக முகமை குற்றம் சாட்டியது. அந்த இளைஞர்கள் பிறந்தபோது கொளத்தூர் முகாம் பழங்கதையாகிவிட்டிருந்தது.

எனவே பட்டியல் வேண்டாம் என்று சொல்பவர்களின் வரிசையில் நான் இல்லை. மாறாக, இந்தச் சட்டத்தில் பட்டியல் ஒரு தொடக்கம் மட்டும் என்பதால்தான் அதைப் பற்றி இவ்வளவு எழுதுகிறேன். ஒருவர் மீது இந்தச் சட்டத்தின் பயங்கரவாதப் பிரிவுகளில் வழக்கு வந்துவிட்டால், குற்றப்பத்திரிகைக்கே 180 நாள் வரை எடுத்துக்கொள்ளலாம்; குற்றச்சாட்டு மேலோட்டமாகப் பார்த்தால் உண்மை என்று நம்ப இடமிருந்தால் நீதிமன்றம் பிணை தர முடியாது. அந்த நம்பிக்கைக்கு ஆதாரமாகக் காட்டும் ஆவணங்களைப் பிணை கேட்கும் கட்டத்தில் சலித்துப் பார்க்கக் கூடாது என்று 2019இல் வட்டாலி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. விசாரணை வருடக்கணக்கில் இழுத்தால் பிணை தரலாம் என்று 2021இல் நஜீப் வழக்கில் சிறிது கதவைத் திறந்தது. இத்தனையும் ஒரு பெயர் ஒரு தாளில் ஏறுவதிலிருந்து தொடங்குகிறது. அந்தத் தாளில் எழுதும் கைக்கு, 1967இல் இருந்ததுபோல, ஒரு நீதிபதியிடம் காரணம் சொல்லும் கடமை எல்லாப் பட்டியலுக்கும் இருக்க வேண்டும் என்பதும், தவறாக ஒத்துப்போன பெயர்க்காரருக்கு இத்தனை நாளுக்குள் எழுத்தில் பதில் சொல்லியாக வேண்டும் என்று வங்கிகளுக்கு ஒரு கெடு இருக்க வேண்டும் என்பதும் என் ஆசைகள். வங்கி தகவல் சொல்ல 24 மணி நேரம் என்று எழுதத் தெரிந்தவர்களுக்கு, அந்தப் பெயர்க்காரருக்கு வங்கி பதில் சொல்ல இத்தனை நாள் என்று எழுதுவது பெரிய வேலையா?

ஐ.நா.வே இதைக் கொஞ்சம் உணர்ந்திருக்கிறது. தன் பெயர் தவறாக ஏறிவிட்டது என்பவர் முறையிட, 2009 டிசம்பரில் 1904ஆம் தீர்மானத்தின் வழியே ஒரு குறைகேட்பாளர் பதவியை உருவாக்கினார்கள். ஆனால் அவர் பட்டியலில் உள்ளவர்களுக்கானவர். பட்டியலில் இல்லாமலேயே மாட்டிக்கொண்ட மொன்றியல் தம்பிக்கு, சேலத்தில் நான் எழுதிய மூன்று கடிதங்கள்தான் குறைகேட்பாளர்.

அந்த அம்மா அதற்குப் பிறகும் என் பணிக்காலம் முடியும் வரை கிளைக்கு வந்துகொண்டிருந்தார். ஒவ்வொரு முறையும் தம்பியின் கடவுச்சீட்டு நகலை ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் மடித்துவைத்துக் கொண்டுவந்து, பாஸ்புக்கோடு சேர்த்து மேசைமேல் வைப்பார். அதை யாரும் கேட்கவில்லை, தேவையில்லை அம்மா என்று நான் பலமுறை சொல்லிவிட்டேன். "இருக்கட்டும் ஐயா, ஆரும் கேட்டா குடுக்கலாம்" என்பார்.